அசையாத நீரில் பவளம் வாழாது



கடந்த வருடம் உம்ராவுக்காகச் சென்றிருந்த வேளையில், ஜித்தாவில் தொழில் புரியும் என் ராத்தாவின் மகனுடைய வீட்டில் நான்கு நாட்கள் தங்க நேர்ந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண்ணில் பட்டது, வரவேற்பறையில் இருந்த ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. வழமையான மீன் தொட்டி என்றுதான் முதலில் நினைத்தேன். அருகில் சென்று பார்த்தபோதுதான் அதனுள்ளே உயிருள்ள பவளங்கள் இருப்பது தெரிந்தது. கடலின் ஒரு துண்டை வெட்டி எடுத்து வீட்டில் வைத்தது போன்ற காட்சி!

ஆனால், மருமகனுடைய முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"மாமா, எட்டு மாதமாகப் பாடுபடுகின்றேன். லைட்டை மாற்றினேன். உப்பை மாற்றினேன். கல்சியம் அளந்து ஊற்றுகின்றேன். ஆனாலும் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு போகின்றன. காசு போனது போகட்டும். உயிருள்ள ஒன்றை வீட்டில் கொண்டுவந்து வைத்து, அது கண் முன்னால் சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனது கேட்குதில்லை" என்றார்.

அந்த நான்கு நாட்களில் நாங்கள் இருவரும் அந்தத் தொட்டியின் முன்னால் அமர்ந்து படித்துக்கொண்ட பாடத்தைத்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். உங்கள் வீட்டில் தொட்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நாம் கடலால் சூழப்பட்ட தீவில் வாழ்பவர்கள். நமது கரையோரத்து முருகைக்கற்களுக்கும் அந்தத் தொட்டியில் இருந்தவற்றுக்கும் ஒரே நியதிதான்.

பவளம் கல்லா? செடியா?

அரபியில் பவளத்தை 'மர்ஜான்' என்போம். அரபுக் கல்லூரியில் அந்தச் சொல்லைப் படித்த காலத்தில், பவளம் என்றால் மோதிரத்தில் பதிக்கும் சிவப்புக் கல் என்ற அளவில்தான் எனக்கு விளக்கம் இருந்தது. உண்மையில் பவளம் ஒரு விலங்கு. சிறு குழல் போன்ற உடல், அதன் நுனியில் வாய், வாயைச் சுற்றிச் சின்னஞ் சிறு கைகள். இத்தகைய உயிர்கள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஒட்டிப் பிறந்து, தமக்குக் கீழே சுண்ணாம்புக் கல்லைக் கட்டிக்கொண்டு வாழ்கின்றன. நாம் 'கல்' என்று சொல்வது அவை கட்டிய வீட்டைத்தான்.

கடலடிப் பாறைகளைக் கட்டியெழுப்பும் பவளங்களின் உடலுக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. பகலில் இந்த அல்காக்கள் சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து, அதில் பெரும் பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. பவளம் அவற்றுக்கு இருப்பிடம் கொடுக்கின்றது. அருமையான அயலவர்கள்!

எனினும் பவளத்துக்கு ஒரு பெரிய குறை இருக்கின்றது. அதனால் நகர முடியாது. மீனுக்கு மூச்சு முட்டினால் வேறு இடத்துக்கு நீந்திப் போகும். பசித்தால் இரையைத் தேடிப் போகும். தன் கழிவை விட்டு விலகிச் செல்லும். பவளமோ பிறந்து ஒட்டிக்கொண்ட இடத்திலேயே இருந்தாக வேண்டும். அது உணவிடம் போக முடியாது. உணவு அதனிடம் வர வேண்டும். அது கழிவை விட்டு விலக முடியாது. கழிவுதான் அதை விட்டு விலக வேண்டும். இந்த இரண்டு வேலைகளையும் அதற்காகச் செய்து கொடுப்பது அசையும் நீர். பவளத்தின் கையும் காலும் மூச்சும் நீரின் ஓட்டம்தான் என்று சொன்னால் அது மிகையல்ல.

கண்ணுக்குத் தெரியாத ஒரு போர்வை

இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். தேநீரில் சீனியைப் போட்டுக் கலக்காமல் வைத்துப் பாருங்கள். சீனி கரைந்தாலும் அடியிலேயே தங்கி நிற்கும். மேலே வாய் வைத்தால் இனிப்பே இருக்காது. கரண்டியால் கலக்கினால்தான் கோப்பை முழுவதும் பரவும்.

பவளத்தின் மேற்பரப்பிலும் இதுதான் நடக்கின்றது. எந்தப் பொருளின் மேல் நீர் ஓடினாலும், அப்பொருளை ஒட்டிய மிக மெல்லிய ஒரு நீர்ப்படலம் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றர் அளவுதான். சில வேளை அதிலும் குறைவு. ஒட்சிசனானாலும் உணவுச் சத்தானாலும் கழிவானாலும் இந்தப் படலத்தைத் தாண்டித்தான் உள்ளே வரவும் வெளியே போகவும் வேண்டும். நீர் வேகமாக ஓடினால் படலம் மெலியும். நீர் தேங்கினால் படலம் தடிக்கும். கம்பளியால் முகத்தை மூடிக்கொண்டு மூச்சு விடுவதைப் போல் பவளம் அதற்குள்ளே திணறும்.

இரவில் அது ஒட்சிசன் போதாமல் திணறுகின்றது. பகலில் நிலைமை நேர் மாறானது. உள்ளே இருக்கும் அல்காக்கள் ஒளியில் வேலை செய்யும்போது ஒட்சிசனை வெளிவிடுகின்றன. அது வெளியேற வழியில்லாமல் உள்ளேயே குவிந்தால், உணவு தயாரிக்கும் வேலையே தடைப்படுகின்றது. நீரோட்டம் இந்த மேலதிக ஒட்சிசனை அகற்றுவதால்தான் ஒளித்தொகுப்பு கூடுகின்றது என்பதை 2010ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக் காட்டியது. மருமகன் லைட்டை மாற்றி மாற்றிப் பார்த்தும் பலன் கிடைக்காததன் காரணம் இப்போது விளங்குகின்றதல்லவா? வெளிச்சத்தைக் கூட்டினார், காற்றோட்டத்துக்குக் கதவைத் திறக்கவில்லை.

இன்னொரு வியப்பும் உண்டு. பவளம் முற்றிலும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. அதன் மேற்பரப்பில் நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. அவை ஓயாமல் அசைந்து, ஒட்டிய நீரைச் சின்னஞ் சிறு சுழல்களாகக் கலக்கிக்கொண்டே இருக்கின்றன என்று 2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் கண்டறிந்தார்கள். நகர முடியாத ஓர் உயிர் தன்னால் இயன்ற முயற்சியை விடாமல் செய்துகொண்டிருக்கின்றது. ஆனாலும் அலை செய்யும் வேலையை அந்த மயிர்களால் முழுமையாகச் செய்துவிட முடியாது. மீதியை, கடலில் கடல் செய்கின்றது. தொட்டியில் அதன் சொந்தக்காரர் செய்ய வேண்டும்.

கணக்குச் சரி, வழி பிழை

இனி மருமகனுடைய தொட்டிக்கு வருவோம். அதன் நீளம் 120 சென்ரிமீற்றர். அகலமும் உயரமும் 50 சென்ரிமீற்றர். ஆக, 300 லீற்றர். கீழே அலுமாரிக்குள் இன்னொரு சிறு தொட்டி. மேலிருந்து வழியும் நீர் அங்கே இறங்கிச் சுத்தமாகி, ஒரு பம்பினால் மீண்டும் மேலே ஏறும். அந்தப் பம்பு மணித்தியாலத்துக்கு 1500 லீற்றர். அதற்கு மேலதிகமாக, பெரிய தொட்டியின் இடது பக்கக் கண்ணாடியில் 6000 லீற்றர் தள்ளும் பம்பு ஒன்று.

"மாமா, இரண்டும் சேர்ந்தால் 7500. முந்நூறால் வகுத்தால் 25. ஒரு மணித்தியாலத்தில் தொட்டி நீர் இருபத்தைந்து தரம் புரளுகின்றது. இது போதும் என்றுதானே எல்லாரும் சொல்கின்றார்கள்?" என்றார் அவர்.

கணக்கில் பிழையில்லை. மென்மையான பவளங்களுக்குப் பத்து முதல் இருபது மடங்கும், கிளை விட்டு வளரும் கற்பவளங்களுக்கு இருபது முதல் நாற்பது மடங்கும் என்பது இத்துறையில் உள்ளவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. பம்பின் பெட்டியில் எழுதிய அளவு, நீரை உயர ஏற்றும்போது குறையும் என்பதையும் கழித்துப் பார்த்தோம். அப்போதும் இருபதுக்குக் குறையவில்லை. அப்படியானால் பிழை எங்கே?

நான் சொன்னேன்: "மகன், நீரைப் பார்த்தால் ஓடுவது தெரியாது. நீரில் எதையாவது போட்டுப் பார்ப்போம்."

மீனுக்குப் போடும் உறைந்த இறால் உணவில் ஒரு சிட்டிகையைத் தொட்டி நீரில் கரைத்து மெல்ல ஊற்றினோம். பிறகு இருவரும் முகத்தைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு பார்த்தோம். ஐந்து நிமிடத்தில் உண்மை வெளியாகிவிட்டது.

இடப் பக்கத்துப் பம்புக்கு நேரே வந்த துகள்கள் குழாயிலிருந்து பீறிட்ட நீரில் அகப்பட்டவை போல, ஒரே கோட்டில் வலப் பக்கத்துக்குப் பறந்தன. நடுவில் சுவர் போலக் கட்டியிருந்த பாறைக் குவியலின் பின்னால் போனவையோ, அப்படியே அடியில் இறங்கிப் படிந்துவிட்டன. அங்கே ஏற்கெனவே சாம்பல் நிறத்தில் அழுக்குக் குவிந்திருந்தது. அதன் மேல் செந்நிறத்தில் கோழை போன்ற ஒரு படலம். அது சயனோபற்றீரியா என்னும் நுண்ணுயிர். அழுக்குச் சேர்ந்து நீர் தேங்கும் இடத்தை அது விரும்பிக் குடியேறும்.

யார் எங்கே வைக்கப்பட்டிருந்தார் என்று பார்த்தபோது மருமகனுக்கே சிரிப்பும் வருத்தமும் சேர்ந்து வந்தன. நீண்ட, சதைப்பற்றான கைகளை விரிக்கும் யூஃபிலியா என்ற பவளம் பம்பின் நேர் வழியில் இருந்தது. அதன் சதை, பம்பைப் பார்த்த பக்கத்தில் மட்டும் கல்லிலிருந்து உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தது. அலை அடிக்கும் இடத்தில் வாழும் மான்கொம்புப் பவளமோ, பாறையின் பின்னால், அசையாத மூலையில் இருந்தது. அதன் அடிப்பாகம் வெளுத்து, கிளைகளுக்கிடையில் அழுக்குத் தங்கியிருந்தது. ஒரே தொட்டியில், ஒன்று அதிகமாகி அழிகின்றது. மற்றொன்று குறைந்து அழிகின்றது. சராசரிக் கணக்கு மட்டும் அழகாக இருக்கின்றது!

எத்தனை வீடுகளில் இப்படி நடக்கின்றது என்று அப்போது நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போதுமான வருமானம் வருகின்றது. ஆனால் ஒரு பிள்ளைக்கு அளவு மிஞ்சிக் கிடைக்கின்றது. மற்றப் பிள்ளையிடம் எட்டுவதே இல்லை. மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு நாம் திருப்தி அடைந்துவிடுகின்றோம்.

நாங்கள் செய்த மாற்றங்கள்

அடுத்த இரண்டு நாட்களில் நாங்கள் செய்தவற்றை வரிசையாகச் சொல்கின்றேன். தொட்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும்.

முதலாவதாக, பாறைச் சுவரைக் கலைத்தோம். பின்பக்கக் கண்ணாடியோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு, பாறைகளை இரண்டு குன்றுகளாக, ஊடே நீர் நுழைந்து போகும்படி துவாரங்கள் விட்டு அடுக்கினோம். நீர் போக வழியில்லாத இடத்தில் எவ்வளவு பெரிய பம்பும் பயன் தராது.

இரண்டாவதாக, ஒரே பெரிய பம்புக்குப் பதிலாக நடுத்தர அளவில் இரண்டைப் பொருத்தினோம். ஒன்று இடம், மற்றொன்று வலம். வாய் அகன்று, நீரைப் பரந்து தள்ளும் வகை. இரண்டையும் பவளங்களை நோக்கித் திருப்பவில்லை. ஒன்றை முன் கண்ணாடியை நோக்கிச் சற்றுச் சரித்தும், மற்றதை மேற்பரப்பை நோக்கியும் வைத்தோம். கண்ணாடியில் பட்டும், ஒன்றோடொன்று மோதியும் சிதறிய நீரே பவளங்களைச் சென்றடைந்தது.

மூன்றாவதாக, இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே அளவில் ஓடாமல், மாறி மாறி ஓடும்படி நேரக் கட்டுப்பாட்டைச் சரி செய்தோம். கடலில் அலை வருகின்றது, பின்வாங்குகின்றது. ஒரே திசையிலிருந்து ஓயாமல் அடிக்கும் நீர், ஒரே கன்னத்தில் ஓயாமல் அடிப்பதைப் போன்றது. திசை மாறும்போதுதான் பவளத்தின் எல்லாப் பக்கமும் கழுவப்படும். எல்லாப் பக்கத்துக்கும் உணவு கிடைக்கும்.

நான்காவதாக, பவளங்களின் இடங்களை மாற்றினோம். மான்கொம்பு மேலே, நீர் நன்றாகப் புரளும் இடத்துக்கு. யூஃபிலியா கீழே, கைகள் மெல்ல ஆடும் இடத்துக்கு. தோற்பவளம் நடுவில். இது இடைக்கிடை தன் மேல் மெழுகு போன்ற ஒரு தோலைப் போர்த்திக்கொண்டு சில நாட்கள் சுருங்கி இருக்கும். செத்துவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. அந்தத் தோலை உரித்துக்கொண்டு போக நீரோட்டம் வேண்டும். அவ்வளவுதான்.

சரியான அளவை எப்படி அறிவது? பவளமே சொல்லும். கைகள் ஆடி அசைந்து, ஒரு நிமிடம் இப்பக்கமும் மறு நிமிடம் அப்பக்கமும் சாய்ந்தால் நல்லது. ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிரவே முடியாமல் கிடந்தால் ஓட்டம் அதிகம். நாள் முழுதும் கைகளை உள்ளே இழுத்துக்கொண்டால் இடத்தை மாற்றிப் பாருங்கள். அதன் மேல் தூசு படிந்து நின்றால் ஓட்டம் போதாது. அடி மணல் பறந்து குழி விழுந்தால் பம்பை உயர்த்துங்கள். ஒரு மாற்றம் செய்தால் ஒரு வாரமாவது பொறுத்திருங்கள். தினமும் இடம் மாற்றினால் அதுவே பவளத்துக்குத் தொல்லையாகும்.

பராமரிப்பும் முக்கியம். பம்புகளின் உள்ளே சுண்ணாம்பு படியும். ஓட்டம் மெல்ல மெல்லக் குறையும், நமக்குத் தெரியாது. ஆகவே ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு முறை பம்பைக் கழற்றி, பாதி வினாகிரி பாதி நீர் கலந்த வாளியில் ஊறவைத்து, பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். வாரத்தில் ஒரு நாள், ரப்பர் குமிழ் பொருத்திய குழாயால் பாறை இடுக்குகளில் நீரைப் பீச்சி, தங்கிய அழுக்கைக் கிளப்பிவிட வேண்டும். தொட்டிக்குள் கை வைக்கும் முன் மின் இணைப்பைத் துண்டியுங்கள். மின் கம்பிகள் சுவர்ச் செருகிக்குப் போகும் முன் கீழே தொங்கி மேலே ஏறும்படி விடுங்கள். அப்போது கம்பி வழியே வடியும் நீர் கீழே சொட்டும், செருகிக்குள் போகாது. உப்பு நீரும் மின்சாரமும் சேரும் இடத்தில் 'ட்ரிப் சுவிட்ச்' இல்லாமல் இருப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

வாளியால் செய்த அலை

"இவையெல்லாம் பணக்காரர்களுடைய வேலை" என்று சிலர் சொல்லக்கூடும். செலவு உண்டுதான். ஆனால் வழியைக் கண்டுபிடித்தவர்கள் மிக எளிய பொருட்களைக் கொண்டே தொடங்கினார்கள்.

இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகள், சூரிய வெளிச்சம், காற்றுக் குமிழிகள் ஆகியவற்றை மட்டுமே கொண்டு வீட்டுத் தொட்டியில் பவளங்களை வாழவைத்தார். தன் முறையை 1961ஆம் ஆண்டில் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். அவருடைய தொட்டியில் நீரை அசைத்தது, மேலெழும் காற்றுக் குமிழிகள்தான்.

ஹவாயிலுள்ள வைக்கிக்கி மீன் காட்சியகத்தில் பணியாற்றிய புரூஸ் கார்ல்சன் என்பவர், அலையை உண்டாக்க ஒரு வழி செய்தார். தொட்டிக்கு மேலே ஒரு பெரிய வாளி. சிறிய பம்பு ஒன்று அதை மெல்ல நிரப்பும். வாளி நிறைந்ததும் வளைந்த குழாய் ஒன்றில் சைபன் தானாகவே பிடித்து, நீர் முழுவதும் ஒரே மூச்சில் தொட்டிக்குள் பாயும். வாளி காலியாகிக் காற்று நுழைந்ததும் சைபன் அறுந்து, மீண்டும் நிரம்பத் தொடங்கும். நீருக்குள் சுழலும் விசிறி இல்லை. அலை மட்டும் உண்டு. ஒன்று மட்டும் கவனம்: அந்த வாளி நீர் இறங்கும்போது தொட்டியின் மட்டம் உயரும். அதற்கு இடம் விடாவிட்டால் அலை தொட்டியில் அல்ல, நடு வீட்டில்தான் அடிக்கும்!

மின்சாரம் நின்றால்

தொட்டி வைப்பவர் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. நம் நாட்டில் 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. அந்த நாட்களில் மின்விசிறி இல்லாமல் நாம் தவித்தோம். தொட்டியில் உள்ளவற்றுக்கோ மூச்சே நின்றுபோகும் நிலை.

நீர் அசையாவிட்டால் மேற்பரப்பிலிருந்து ஒட்சிசன் உள்ளே கலப்பது வெகுவாகக் குறைகின்றது. நீர் சூடேறினால் அது பிடித்து வைக்கும் ஒட்சிசனும் குறைவு. நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் இரண்டும் ஒன்றாகச் சேர்கின்றன. இரவாக இருந்தால் இன்னும் மோசம். மீன்களும் பவளங்களும் அல்காக்களும் எல்லாமே அப்போது ஒட்சிசனை எடுப்பவைதான். கொடுப்பவை எவையும் இல்லை.

ஆகவே, மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றுப் பம்பு ஒன்று எப்போதும் தயாராக இருக்க வேண்டும். அதுவும் இல்லாத அவசரத்தில், ஒரு கோப்பையால் தொட்டி நீரையே மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். பிள்ளைகளை முறை வைத்துச் செய்யச் சொல்லலாம். மின்சாரம் வரும் வரை உணவு போட வேண்டாம்.

இன்னொன்று: மின்சாரம் நின்றதும், மேல் தொட்டியிலிருந்து கொஞ்ச நீர் குழாய் வழியே திரும்பிக் கீழ்த் தொட்டிக்கு இறங்கும். அதை வாங்கிக்கொள்ளக் கீழே வெற்றிடம் இருக்க வேண்டும். மேலேறும் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளையிட்டால், மட்டம் இறங்கியதும் அதில் காற்றுப் புகுந்து சைபன் அறுந்துவிடும். இந்த விடயம் தெரியாமல், தொட்டி வைத்த முதல் மாதமே விரிப்பு முழுவதையும் நனைத்துக்கொண்டதாக மருமகன் சொன்னார். புதிய தொட்டி வைப்பவர்கள், ஆட்கள் வீட்டில் இருக்கும்போது தாமாகவே மின்சாரத்தை நிறுத்தி ஒரு முறை சோதித்துப் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கடலில் நடப்பதும் இதுவே

வாசகர்களே! 1998ஆம் ஆண்டு இந்து சமுத்திரம் வழமைக்கு மாறாகச் சூடேறியபோது, நமது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக் கடலிலும் பவளங்கள் பரவலாக வெளுத்து அழிந்தன. வெப்பம் மிகும்போது பவளம் தன் உள்ளே இருந்த அல்காக்களை இழந்துவிடுகின்றது. நிறம் போய், உணவும் போய், நீண்ட நாள் அப்படியே இருந்தால் உயிரும் போய்விடுகின்றது.

அதே ஆண்டு ஜப்பானின் ஒக்கினாவாத் தீவுகளிலும் இது நடந்தது. ஆனால் அங்கே சில இடங்களில் பவளங்கள் தப்பின. ஏன் என்று நகமுரா, வன் வூசிக் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். ஒரே வகைப் பவளத்தை, வெப்பமான நீரில், இரண்டு விதமான ஓட்டத்தில் வைத்துப் பார்த்தார்கள். வினாடிக்கு 2 முதல் 3 சென்ரிமீற்றர் வரை மட்டும் அசைந்த நீரில் இருந்தவை பெருமளவில் இறந்தன. 50 முதல் 70 சென்ரிமீற்றர் வரை ஓடிய நீரில் இருந்தவை பிழைத்தன. வெப்பம் ஒன்றுதான். மூச்சு விட முடிந்தவை தாக்குப்பிடித்தன. ஜித்தாவில் ஒரு வரவேற்பறையின் மூலையில் நாங்கள் கண்டது இதே உண்மையைத்தான்.

இங்கே ஒரு விடயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு நமது பிள்ளைகள் யாரும், "நாமும் ஹிக்கடுவையிலோ பாசிக்குடாவிலோ ஒரு துண்டை உடைத்துக்கொண்டு வந்து வளர்ப்போமே" என்று நினைத்துவிடக்கூடாது. இலங்கையில் கற்பவளங்கள் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அவற்றை உடைப்பதும் எடுப்பதும் குற்றமாகும். ஹிக்கடுவைக் கடற்பகுதி 2002ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவாக இருக்கின்றது. மருமகனுடைய தொட்டியில் இருந்தவை, செங்கடலில் உடைத்தவை அல்ல. பண்ணையில் வளர்த்து, வெட்டி விற்கப்படும் துண்டுகள். நம் நாட்டில் இருப்பவர்கள் தொட்டியில் மீன்களோடு நிறுத்திக்கொள்வதே நலம். மேலே சொன்ன நீரோட்ட முறைகளும் மின்வெட்டு ஏற்பாடுகளும் மீன்களுக்கும் அப்படியே பொருந்தும்.

சட்டம் ஒரு புறமிருக்க, நன்றியும் இருக்க வேண்டுமல்லவா? அலை இல்லாமல் பவளம் வாழாது. அதே பவளம்தான் அலையின் வேகத்தை உடைத்து நமது கரையைக் காக்கின்றது. தென்மேற்குக் கரையில் சுண்ணாம்புக்காகப் பல தலைமுறைகள் முருகைக்கல்லைத் தோண்டி எடுத்தோம். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது, முருகைக்கல் எஞ்சியிருந்த ஹிக்கடுவையை விட, அது தோண்டப்பட்டிருந்த பெரலிய பக்கத்தில் நீர் மிகத் தூரம் உள்ளே புகுந்ததை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். ரயில் வண்டியையே புரட்டிய இடம் அது.

முடிவாக...

சென்ற மாதம் மருமகன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். யூஃபிலியாவுக்கு மூன்று தலைகள் இருந்தன. ஒன்று போய்விட்டது. மற்ற இரண்டும் கைகளை நன்றாக விரித்திருக்கின்றன. மான்கொம்பின் அடி இன்னும் வெள்ளைதான். இனி அங்கே சதை திரும்புமோ தெரியவில்லை. ஆனால் நுனிகளில் புது வளர்ச்சி தெரிகின்றது. நாங்கள் பார்க்கும்போதே மோசமாக இருந்த ஒரு சிறு துண்டு பிழைக்கவில்லை. படத்தின் கீழே எழுதியிருந்தார்: "மாமா, எட்டு மாதமாக நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீரைப் பார்க்கவில்லை."

நம் பொறுப்பில் வந்துவிட்ட உயிர் எதுவானாலும் அது நம்மிடம் உள்ள அமானிதம். கூண்டில் உள்ள பறவை நம்மிடம் வந்து பசி என்று சொல்லாது. தொட்டியில் உள்ள பவளம் மூச்சு முட்டுகின்றது என்று சொல்லாது. படுக்கையில் கிடக்கும் வயோதிபரும் பல வேளைகளில் வாய் திறப்பதில்லை. எழுந்து வர முடியாதவர்களுக்கு வேண்டியது அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்கின்றதா என்று பார்ப்பது, நகர முடிந்தவர்களின் கடமை. வீட்டில் எல்லாம் இருக்கின்றது என்று மொத்தக் கணக்கைப் பார்த்து ஆறுதலடையாமல், ஒரு சிட்டிகையைப் போட்டு, அது எந்த மூலையை எட்டவில்லை என்று இன்று ஒரு தரம் பார்ப்போமா?